வாரத்துக்கு மூன்று அரைநாள்

கலைத் திருவிழா மறுபடியும் வந்துவிட்டது. 2022-23இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய விழா. வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். சிலருக்கு வெளிநாட்டுப் பயணம். நல்லதுதான். ஆனால், மேடையேறும் பிள்ளைக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்?

பகுதி நேர ஆசிரியர் என்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே வினை இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை கணக்குக்கும் மொழிக்கும் ஆசிரியர் வேண்டும் என்று எழுதிய கை, கலைக்கு வந்ததும் ‘பகுதி நேரப் பயிற்றுநர்’ என்று இறங்கிவிட்டது. அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். அதைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாடு 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி எல்லாவற்றுக்குமாக 16,549 பேரை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். 2024இல்தான் அது 12,500 ஆனது. அப்போதும் மே மாதம் சம்பளம் கிடையாது. பதினொரு மாதத்துக்குப் பெருக்கினால் ஆண்டுக்கு 1,37,500 ரூபாய். பணி நிரந்தரம் என்பது 2021 தேர்தல் வாக்குறுதி.

மத்திய அரசு பள்ளிக் கல்விக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்ததே என்பார்கள். நிறுத்தியது அநியாயம். ஆனால், பணம் வந்துகொண்டிருந்த காலத்தில் மட்டும் மாநில அரசு என்ன செய்ததாம்? யூடியூப் பார்த்தே பிள்ளைகள் அருமையாக வரைகிறார்கள் என்று சொல்லும் கல்வியாளர்களுக்குப் பதில் சொல்லி மை வீணாக்க விருப்பமில்லை.

எங்கள் குமரி மாவட்ட மார்த்தாண்டத்துப் பிள்ளை ஒருத்தி பிளஸ் டூ முடித்து ஓவியம் படிக்க ஆசைப்பட்டால், அரசுக் கவின்கலைக் கல்லூரி ஒன்று சென்னையில், இன்னொன்று கும்பகோணத்தில். சிற்பம் என்றால் மாமல்லபுரம். குழித்துறையில் அனந்தபுரி ரயில் ஏறி ராத்திரி முழுக்கப் போக வேண்டும். 1850இல் டாக்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய பள்ளிக்கு இந்தத் தென்கோடியில் இன்றுவரை ஒரு கிளை முளைக்கவில்லை. இந்தப் பக்கம் நாற்பது கிலோமீட்டர் அளவில் திருவனந்தபுரம் கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டிலேயே போட்ட விதை அது. அன்று விளவங்கோட்டுப் பிள்ளையும் அந்த ராஜ்யத்துப் பிள்ளைதான். தமிழகத்தோடு இணையக் கேட்டு 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டு வாங்கி, 1956 நவம்பர் 1இல் தாய்த்தமிழகத்தில் சேர்ந்தோம். இன்று அங்கே நாங்கள் வெளிமாநிலத்தார். இங்கே கடைசி மாவட்டத்தார்.

குருவாயூரைப் பாருங்கள். 1970இல் கோயிலில் தீப்பிடித்துச் சுவரோவியங்கள் கருகின. மறுபடி வரையலாமென்றால் அந்த மரபில் கைதேர்ந்தவர்கள் சிலரே எஞ்சியிருந்தார்கள். கோயில் நிர்வாகமான தேவஸ்வம் போட்டி நடத்திக் கோப்பை கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. எஞ்சிய மூத்தவர்களைக் கொண்டு சுவர்களை மீட்டது. பிறகு 1989இல் சுவரோவியத்துக்கென்றே பள்ளி திறந்து, மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயரைத் தலைமையில் அமர்த்தியது. ஐந்தாண்டுப் படிப்பு, குரு பக்கத்திலிருந்து கற்றுக்கொடுக்கும் முறை. காவிக்கல்லை அரைப்பதிலிருந்தே பாடம். இன்று அந்த ஓவியம் கேரளத்தில் ஹோட்டல் சுவரிலும் சேலை முந்தானையிலும் பிழைப்புத் தருகிறது. அதே மரபின் அசல் ஓவியங்கள் தக்கலைக்குப் பக்கத்தில், பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடியில் இருக்கின்றன. மண் நம்முடையது, அரண்மனை நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. நம் பள்ளிகள் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. அந்த ஓவியங்களின் பச்சை எதிலிருந்து வந்தது என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஒரு டிராயிங் மாஸ்டர் கூட இருக்க வேண்டாமா? குமரியில் ஓவியம் அருகிப்போனதற்கு ஃபிளெக்ஸ் போர்டைத் திட்டுகிறோம். நான் கல்வித் துறையைத்தான் சொல்வேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு கவின்கலைக் கல்லூரி வர வேண்டும். சுவரோவியத்துக்கும் மரச்சிற்பத்துக்கும் அதில் தனித்துறை இருக்க வேண்டும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் மரவேலைப்பாட்டைவிட நல்ல பாடநூல் எந்த அச்சகத்திலும் கிடைக்காது. அதுவரை, முழுநேர ஓவிய ஆசிரியர் உள்ள பள்ளிகளில் மட்டும் கலைத் திருவிழாவின் ஓவியப் போட்டியை நடத்தட்டும். அந்தப் பள்ளிகளின் பட்டியலை மாவட்டவாரியாக அரசே வெளியிடட்டும்.