ஜெபித்தால் அவன் மனம் மாறியே தீருமா?

உபவாச ஜெபக் கூட்டத்தின் விண்ணப்பப் பெட்டியில் விழும் சீட்டுகளைப் பாருங்கள். மகன் குடியை விட வேண்டும், மருமகள் அனுசரித்துப் போக வேண்டும், மகள் அந்தப் பையனை மறக்க வேண்டும். விடாமல் ஜெபித்தால் கர்த்தர் அவர்கள் இருதயத்தைத் திருப்பிவிடுவார் என்று மேடையிலிருந்து வாக்குறுதி வரும். திரும்பவில்லையா? உங்களுக்கு விசுவாசம் போதாது. அந்த வாக்குறுதி பொய்; இந்தத் தீர்ப்பு கொடுமை.

அந்த வாக்குறுதிக்கு ஆதாரமாக எடுத்து நீட்டப்படுபவர் புனித மோனிக்கா. ஆண்டுக்கணக்காக அழுது ஜெபித்தார், மகன் அகுஸ்தினார் 387ஆம் ஆண்டு ஈஸ்டரில் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார் என்று கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். மகனே எழுதிவைத்திருப்பது இன்னும் சிக்கலானது. அவர் கடல் கடந்து ரோமுக்குப் போகக் கூடாது என்பதுதான் கார்த்தேஜில் தாயின் மன்றாட்டு. நண்பனை வழியனுப்ப வந்ததாகப் பொய் சொல்லி, துறைமுகத்துக்கு அருகே சிப்ரியான் நினைவாலயத்தில் தாயை இரவு தங்கவைத்துவிட்டு, மகன் கப்பலேறிவிட்டார். விடிந்தபோது கரையில் தாய் மட்டும் அழுதுகொண்டிருந்தார். அந்த ஜெபம் கேட்கப்பட்டிருந்தால் மிலானும் இல்லை, அங்கே மகனின் மனத்தை அசைத்த ஆயர் அம்புரோசியாரின் மறையுரையும் இல்லை. மோனிக்கா ஜெபத்தோடு நிற்கவும் இல்லை. ஒரு காலத்தில் மகனோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்தார். ஓர் ஆயரிடம் போய், அவனோடு பேசுங்கள் என்று கெஞ்சினார். பிறகு தானும் கடல் கடந்து மிலானுக்கே போனார்.

அகுஸ்தினாரே எனக்கு எதிர்ச்சாட்சி சொல்வார் என்பது தெரியும். மனிதச் சித்தத்தையே கிருபை திருப்புகிறது என்று முதுமையில் வாதாடியவர் அவர். மற்றவர்கள் பார்வோனின் இருதயம் கடினப்பட்டதையும், அரசனின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால் போல இருப்பதாகச் சொல்லும் நீதிமொழிகள் 21ஐயும் காட்டுவார்கள். இருக்கட்டும். கடவுள் திருப்ப வல்லவர் என்பது வேறு. என் சீட்டுக்காகத் திருப்பியே தீருவார் என்பது வேறு.

லூக்கா 22ஐ எடுத்துப் படியுங்கள். பேதுருவின் விசுவாசம் அற்றுப்போகக் கூடாது என்று இயேசுவே வேண்டிக்கொண்டார். அன்றிரவே, சேவல் கூவுமுன், பேதுரு மூன்று முறை அவரை மறுதலித்தார். அந்த ஜெபம் பேதுருவின் நாக்கைக் கட்டிப்போடவில்லை. விழுந்தபின் அழுது திரும்பி வர இடம் வைத்தது. இயேசுவுக்கும் விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எந்தப் போதகருக்குத் துணிவு உண்டு?

பிறருக்காக ஜெபிக்காதே என்று நான் சொல்லவில்லை. மகனுக்குப் பலம் கேட்கலாம், நல்ல துணை கேட்கலாம், எரிந்து விழாமல் அவனோடு பேச நமக்குப் பொறுமை கேட்கலாம். தீர்மானம் அவனுடையது. சுயசித்தத்தோடு அவனைப் படைத்தவரிடமே போய், அதைப் பறித்துக்கொள்ளும் என்று கேட்பது ஜெபமாகாது.

போதகர்களே, குடிக்கிறவனின் தாயிடம் விசுவாசக் குறைவு என்று இனிச் சொல்லாதீர்கள். ஜெபம் முடிந்ததும், அவனைக் குடிநோய் சிகிச்சைக்கு அழைத்துப் போக யார் கூட வருகிறீர்கள் என்று சபையில் கேளுங்கள். அதற்கு முன், வருகிறாயா என்று அவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.