கயிறு பிடிக்கிறவருக்கும் ஓட்டு வேணும்

எங்க தூத்துக்குடில அரசாங்க முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961ல. பழைய முறையில, குளிக்கிறவர் கல்லோட பாரத்துல கடலுக்குள்ள இறங்குவார். தோணியில ஒருத்தர் கயிறு பிடிச்சிட்டு நிப்பார். கயிறு அசைஞ்சா உடனே தூக்கணும். கயிறு பிடிக்கிறவர் ஒரு சிப்பி கூட எடுக்கல. ஆனா கூலியில அவருக்கும் பங்கு உண்டு. பங்கு இல்லேன்னா யாருங்க ஒழுங்கா கயிறு பிடிப்பா?

நம்ம பொட்டி தட்டுற உலகத்துல இந்த நியாயம் சீக்கிரமா வரலை. டெபியன் தொடங்கினது 1993ல. 1998லயே அதுக்குன்னு ஒரு அரசியல் சட்டம் இருந்தது, வருஷா வருஷம் தலைவர் தேர்தலும் உண்டு. ஆனா மொழிபெயர்க்கிறவங்க, கையேடு எழுதுறவங்க, படம் வரையறவங்க எல்லாரையும் ஓட்டுரிமையோட உறுப்பினரா வரவேற்கிறோம்னு தீர்மானம் போட்டது 2010லதான்!

"கோடு எழுதாதவன் கையில ஓட்டு குடுத்தா ப்ராஜெக்ட் உருப்படுமா?"ன்னு என் நண்பர்களே கேக்கிறாங்க. டெபியன்ல அதுக்கு பதில் இருக்கு. இவங்களுக்கு ஓட்டு உண்டு, ஆனா மென்பொருளை நேரா ஏத்துற உரிமை தானா வந்துடாது. ஓட்டு வேற, சாவி வேற. இதுல என்ன பயம்?

வெறும் நன்றி மட்டும் போதாதா? போதாதுங்க. நீங்க ராத்திரி கண் முழிச்சு ஒரு மென்பொருளைத் தமிழாக்கறீங்கன்னு வைங்க. வெளியீட்டுக்கு முந்தின நாள் ஒரு புரோகிராமர் நாலு வரியை மாத்துறார். அந்த நாலு வரியும் திரும்ப இங்கிலீஷ்ல வந்து நிக்கும். பாக்கறவன் "தமிழ் அரைகுறையா இருக்கே"ன்னு உங்களைத்தான் திட்டுவான்.

க்னோம்ல இதுக்கு விதியே இருக்கு. வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னாடி திரையில வர்ற வாசகங்களை உறைய வெச்சிடுவாங்க. அப்புறம் ஒரு வரி மாத்தணும்னாலும் மொழிபெயர்ப்புக் குழுகிட்ட புரோகிராமர் அனுமதி கேக்கணும். இதுக்குப் பேருதான் அதிகாரம். பொன்னாடை போத்துறது வேற :-)

அதனால மக்களே, நாளைக்கு யாராவது "தமிழாக்கித் தர்றீங்களா, சேவைதானே"ன்னு கேட்டா, தாராளமா செய்யுங்க. ஆனா முதல்ல ரெண்டு கேள்வி கேளுங்க. கடைசி நேர மாற்றத்தை யார் முடிவு பண்றது? எனக்கு ஓட்டு உண்டா?

ரெண்டுக்கும் பதில் இல்லேன்னா, அங்க நீங்க பங்காளி இல்ல, சம்பளம் இல்லாத வேலையாள்.