மன்னருக்கு உறவென்றால் குற்றமா?

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தமிழரா, தெலுங்கரா? கன்டீனில் இந்த விவாதம் தொடங்கினால் லேசில் முடியாது. எனக்கென்றால் கேள்வியே பிழை.

1739இல் வாரிசில்லாமல் போன அரியணையில் ஏறியவர், மதுரையிலிருந்து வந்த அரசியின் தம்பி. அந்த நாயக்கர் வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753இல் சியாம் பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீட்டவர். நாலு மன்னர்கள், 76 வருடம்.

அப்படியிருந்தும் 1815 கண்டி ஒப்பந்தத்தின் மூன்றாம் சரத்து, மன்னரின் இரத்த உறவு, கல்யாண உறவு ஆண்கள் எல்லாரையும் அரசின் எதிரிகள் என்கிறது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் அனுமதியில்லாமல் திரும்பக்கூடாதாம். மன்னர் கொடுங்கோலன் என்றே வைப்போம். மச்சானும் மருமகனும் என்ன செய்தார்கள்?

சீனாவின் வடக்கு வெய் அரச குடும்பம் சியான்பெய் வழி. 496இல் குலப்பெயரையே சீனப் பெயராக்கிக்கொண்டது. இங்கேயும் கண்ணுசாமி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனார். 1832இல் வேலூரில் கைதியாகவே செத்தார்.

1948 குடியுரிமைச் சட்டமும் மலையகத்தாரிடம் அதைத்தானே கேட்டது: தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான்?

எத்தனை தலைமுறை இருந்தால் ஒருவர் இந்த ஊர்க்காரர்? அடுத்த தடவை கன்டீனில் இதைக் கேட்டுப் பாருங்கள்.