பக்கம் நிரப்பிகள்

ஆவடி ரயில் நிலையத்தில் சென்ட்ரல் வண்டிக்குக் காத்திருந்தபோது, டாங்கித் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், நான் பழைய பேப்பர் கடையில் வாங்கியிருந்த விகடன் பைண்டு வால்யூமைப் புரட்டினார். கோபுலு போட்ட சிரிப்புப் படம் ஒன்றைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "இதெல்லாம் பக்கம் நிரப்ப, ஸார். சர்க்காரைக் கேலி செய்தால் அல்லவா கார்ட்டூன்! மாமாவையும் மாமியையும் கேலி செய்ய ஒரு சித்திரக்காரர் எதற்கு?" என்றார்.

வண்டி வந்துவிட்டது. நெரிசலில் பதில் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

அரசியல் கேலிச் சித்திரத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. பாரதியார் 'இந்தியா' பத்திரிகையில் அன்றே அதைக் கையாண்டவர். பிரான்சில் தோமியே என்ற சித்திரக்காரர், குடிகளின் பணத்தை விழுங்கும் ராட்சதனாக லூயி பிலிப் மன்னரை வரைந்து, 1832-இல் சிறைக்குப் போனார். 1835-இல் வந்த சட்டம் அவ்வகைப் படங்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்டது. மனிதர் சும்மா இருந்தாரா? வக்கீல், வைத்தியர், வீட்டுச் சொந்தக்காரர், ரயிலில் இடிபடும் பிரயாணி என்று 'ஷாரிவாரி' பத்திரிகைக்குக் கல்லச்சுப் படங்களாகப் போட்டுத் தள்ளினார். ஆயுளில் ஏறக்குறைய 4,000 படங்கள்!

சட்டத்துக்குப் பயந்து பதுங்கினார் என்று இதைச் சொல்வது அநியாயம். ராஜாவைக் கேலி செய்தால் சந்தாதாரர் கைதட்டுவார். சந்தாதாரரையே கேலி செய்து, அதை அவரிடமே காசுக்கு விற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

தோமியே எழுதும் பெண்களையும் பரிகசித்தார். அதை நான் ரசிக்கவில்லை. நம் பத்திரிகைகளில் வேலைக்காரியையும் மாமியாரையும் அடித்துத் துவைத்த துணுக்குகளுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மாலியும் கோபுலுவும் வேறு ஜாதி. கோபுலுவின் வசனமில்லாப் படங்களைப் பாருங்கள்: குடை பிடிக்கும் தினுசிலேயே ஆசாமியின் சம்பளம் தெரிந்துவிடும்.

நண்பருக்கு இன்னொன்று. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்ததும் ஒரு சிரிப்புத் துணுக்குதான். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்ற கேள்வி. பெயர் ஒன்றும் கிடையாது. அதற்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்தது. கண்டனம் கிளம்பவே சில நாளில் வெளியே வந்தார். பக்கம் நிரப்பிக்கு இத்தனை மரியாதையா?

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் முன்னேற்றம் பற்றி ஒருவர் சாய்வு நாற்காலியில் கிடந்து எழுதுகிறார். சம்சாரம் குடத்தோடு அவர் காலைத் தாண்டிப் போகிறாள். இப்படி ஒரு படத்தை எங்கிருந்தோ கத்தரித்து, என் மருமகள் சமையலறை அலமாரியில் ஒட்டியிருந்தாள். இது யார் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் காப்பி தம்ளரை நானே கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.