பழி ரத்தத்தின் மேல். பொறுப்பு யார் மேல்?

அம்பகரத்தூரிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் ஒரு பேச்சு உண்டு. ஒரு வீட்டில் வாலிபன் ஒருவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டால், “அது அந்த வீட்டு ரத்தத்திலேயே இருக்கிறது” என்று சொல்லிவிடுகிறார்கள். அத்தோடு தீர்ந்தது. அவன் தங்கைக்கு வரன் வராது. தம்பியை வேலைக்குக் கூப்பிடத் தயங்குவார்கள். தாயார் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நோய் ஒருவனுக்கு, தண்டனை குடும்பம் முழுவதற்கும்!

இந்தப் பேச்சில் ஒரு உண்மையும் ஒரு பொய்யும் பின்னிக்கிடக்கின்றன. பரம்பரைக்கு இந்த நோயில் பங்கு உண்டு என்பது உண்மை. ஆகவே அது தலைவிதி, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது பொய். உண்மையைக் காட்டிப் பொய்யை விற்கிறார்கள். இதைத் தொழிலாளி மக்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இந்தப் பொய்யால் அதிகம் நஷ்டப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

என்ன நோய் இது?

டாக்டர்கள் இதை மனச்சிதைவு என்கிறார்கள். பெரும்பாலும் பதினெட்டு வயதுக்கு மேல், இருபதுகளில் தொடங்குகிறது. யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கிறது. அண்டை வீட்டார் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றுகிறது. தூக்கம் போகிறது. குளிக்க, சாப்பிட, வேலைக்குப் போக மனம் வருவதில்லை. நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இத்தகைய சித்தக் கலக்கம் வருகிறது. மிராசுதார் வீடு, கூலிக்காரன் குடிசை என்ற வித்தியாசம் அதற்கில்லை. சகலருக்கும் வருகிறது. ஆனால் சிகிச்சை மட்டும் சகலருக்கும் வருவதில்லை.

ரத்தக் கணக்கு

பரம்பரை விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம். தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால், அவர்கள் குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு நூற்றில் சுமார் பத்து. அதாவது, தொண்ணூறு பேருக்கு வருவதில்லை! ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் பரம்பரைச் சரக்கு ஒன்றேதான். அப்படியிருந்தும் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்குப் பாதியோ, அதற்கும் குறைவோதான். எல்லாம் ரத்தத்திலேயே எழுதியிருக்கிறது என்றால் இருவருக்கும் வந்திருக்க வேண்டாமா?

2022-ம் வருஷம் பல தேச விஞ்ஞானிகள் கூடி ஒரு பெரிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நோயுள்ளவர்கள் 76,755 பேர், நோயில்லாதவர்கள் 2,43,649 பேர். இத்தனை பேருடைய மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். “பைத்தியத்தின் மரபணு” என்று ஒன்று அகப்படவில்லை. 287 இடங்களில் சின்னஞ்சிறு வித்தியாசங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு துளிதான் பாரம் ஏற்றுகிறது. அந்தத் துளிகள் நம் எல்லோருடைய உடம்பிலும் கூடவோ குறையவோ இருக்கின்றன. பெண் பார்க்க வந்துவிட்டு முகம் சுளித்துத் திரும்பிப் போகிறார்களே, அவர்கள் உடம்பிலும் இருக்கின்றன!

மில் தொழிலாளிகளின் கதை

ஒரு நோயை ரத்தத்தின் தலையில் கட்டுவதால் யாருக்கு லாபம்? மில் தொழிலாளத் தோழர்கள் கட்டாயம் அறிய வேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்ற வியாதி பரவியது. தோல் வெந்தது போலாகும். வயிற்றுப்போக்கு நிற்காது. கடைசியில் புத்தி பேதலிக்கும். அங்கிருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் இந்த நோயாளிகள் ஏராளம். பரம்பரை ஆராய்ச்சியில் பேர் பெற்ற டேவன்போர்ட் என்பவர், இது குடும்பவாகு சம்பந்தப்பட்டது என்று 1916-ல் எழுதினார்.

அதே வருஷத்தில் ஜோசப் கோல்ட்பர்கர் என்ற சர்க்கார் டாக்டர் தெற்குக் கரோலினாவில் ஏழு பஞ்சாலைக் கிராமங்களுக்குப் போனார். வீடு வீடாக வருமானத்தையும் சாப்பாட்டையும் கணக்கெடுத்தார். என்ன கண்டார்? கூலி குறையக் குறைய நோய் ஏறியது. பாலும் புது இறைச்சியும் சேர்ந்த வீடுகளில் நோய் குறைவு. மக்காச்சோள மாவையே நம்பியிருந்த வீடுகளில் நோய் அதிகம். இது தொற்றுநோயும் அல்ல என்று காட்ட, நோயாளியின் ரத்தத்தைத் தம் உடம்பிலேயே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டில் குறைந்த சத்து நயாசின் என்ற வைட்டமின் என்பது 1937-ல் தெரிந்தது. நம் தக்காணத்தில் சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகளிடமும் இந்த நோய் இருந்தது. ஹைதராபாத்தில் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் அதன் காரணத்தை ஆராய்ந்து எழுதினார்கள்.

குற்றம் ரத்தத்தில் இல்லை, சோற்றுப்பானையில் இருந்தது! ரத்தம் என்று சொன்னால் ஆலை முதலாளி கூலி உயர்த்த வேண்டியதில்லை. சோற்றுப்பானை என்று சொன்னால் உயர்த்தியாக வேண்டும்.

ரத்தப் பேச்சு முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதை நாஜி ஜெர்மனி காட்டியது. 1933-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். மனச்சிதைவு முதலான நோயுள்ளவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்று சுமார் நான்கு லட்சம் பேருக்குப் பலவந்தமாக ஆபரேஷன் செய்தார்கள். 1940, 1941 வருஷங்களில் எழுபதாயிரம் நோயாளிகளுக்கு மேல் விஷவாயுவில் கொன்றார்கள். இத்தனை கொடுமைக்குப் பிறகு அந்தத் தேசத்தில் மனச்சிதைவு ஒழிந்ததா? ஒழியவில்லை. புதிய நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

தமிழ்க் குடும்பங்களில் நடந்த ஆராய்ச்சி

பெல்லாக்ராவும் மனச்சிதைவும் ஒன்றல்ல. ஆனால் ஒரு செய்தியைக் கவனியுங்கள். சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி ஸ்தாபனம், ‘ஸ்கார்ப்’, இருக்கிறது. அதன் டாக்டர்களும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து நம் பக்கத்துக் குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2019-ல் வெளிவந்தது. உடம்பு நயாசினைக் கையாள உதவும் மரபணு ஒன்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அது காட்டியது. வைட்டமின் மாத்திரை வாங்கித் தின்றால் மனச்சிதைவு போய்விடும் என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படிச் சொல்லி விற்பவனை நம்பாதீர்கள். பரம்பரை என்பது பூட்டிய கதவல்ல, திறந்து பார்க்க வேண்டிய கதவு என்பதே அர்த்தம். விஞ்ஞானி ரத்தத்தைப் பார்ப்பது வழி தேட. ஊர் ரத்தத்தைப் பேசுவது வழியை அடைக்க.

பட்டினிக்கும் இதில் பங்குண்டு. 1944-45 குளிர்காலத்தில் நாஜிப் படைகள் ஹாலந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தன. அந்தப் பஞ்சத்தில் கருவில் உருவான குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு சுமார் இரண்டு மடங்கு வந்தது. 1959-61 சீனப் பஞ்சத்தை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி அரைவயிற்றோடு நடவு நட்டால் அது அவள் வயிற்றோடு நிற்பதில்லை. வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை: கஞ்சா இந்த நோயின் அபாயத்தைக் கூட்டுகிறது. அதன் பக்கமே போகாதீர்கள்.

மருந்து உண்டு

மருந்து இல்லாத நோயா இது? இல்லவே இல்லை. நம் தேசத்துச் சர்ப்பகந்தி வேரை வைத்து, கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு கல்கத்தா வைத்தியர்கள் 1931-லேயே எழுதினார்கள்: சித்தக் கலக்கத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அது பயன்படுகிறது என்று. அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்தை 1952-ல் ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி பிரித்தெடுத்தது. அதன் கெடுதல்கள் அதிகமாதலால் டாக்டர்கள் பின்னால் அதை விட்டுவிட்டார்கள். யாரும் இன்று வேரைத் தேடிப் போக வேண்டாம்.

அதே 1952-ல், காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த கடைசி நாட்களில், பாரிஸ் நகரத்து சான்ட் ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிக்கர் என்ற இரு டாக்டர்கள் குளோர்புரோமசைன் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் கூச்சலிட்டவர்கள் அமைதியாகப் பேசினார்கள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் செய்யும் வேலையை இந்த வகை மருந்து மட்டுப்படுத்துகிறது என்பது பின்னால் விளங்கியது. இன்று பல மருந்துகள் இருக்கின்றன. சில வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசியும் இருக்கிறது.

பலன் என்ன? 65 பரிசோதனைகளைத் தொகுத்து 2012-ல் கணக்குப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு 64 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து எடுத்தவர்களில் 27 பேருக்குத்தான் திரும்பியது. மருந்தில் தொல்லையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கை நடுக்கம், உடல் விறைப்பு, தூக்கம், எடை கூடுவது, சர்க்கரை. இவற்றை டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

பின் ஏன் நிறுத்துகிறார்கள்? ஒரு விவசாயத் தொழிலாளி குடும்பத்தை எண்ணிப்பாருங்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பையன் தேறி, களையெடுக்கக்கூடப் போய்விட்டான். அடுத்த மாத்திரைக்குப் பட்டணம் போக வேண்டும். தகப்பனுக்கும் மகனுக்கும் பஸ் சார்ஜ். இருவருக்கும் ஒரு நாள் கூலி நஷ்டம். போன இடத்தில் “ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்” என்கிறார்கள். அறுப்பு நேரம் வேறு. “தேறிவிட்டானே, அடுத்த மாதம் பார்ப்போம்” என்று தள்ளுகிறார்கள். இரண்டு மாதத்தில் குரல்கள் திரும்புகின்றன. ஊர் சொல்கிறது: “பார்த்தாயா, ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னோமே!” இல்லை ஐயா! பையில் காசில்லை, ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லை. அதுதான் காரணம்.

தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் எடுத்த தேசிய மனநலக் கணக்கும் இதையே சொல்கிறது. இத்தகைய நோயுள்ளவர்களில் நான்கில் மூவருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

சங்கிலி

மருந்து கிடைக்காத இடத்தில் சங்கிலி வருகிறது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் ஈவிரக்கமற்றவர்களா? இல்லை, வேறு வழி தெரியாதவர்கள்.

சாமி கும்பிடுவது அவரவர் விருப்பம். பத்திரகாளியம்மன் சந்நிதியில் தாய் தன் மகனுக்காக வேண்டிக்கொண்டால் அதை நாம் ஏளனம் செய்யமாட்டோம். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்க ஏற்பாடு செய்தார்களே! வேண்டுதல் வேண்டுதலாக இருக்கட்டும், மாத்திரை மாத்திரையாக இருக்கட்டும். ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்தச் சொல்லிக் காசு பறிக்கிறவனைத்தான் ஊர் விரட்ட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த ரூபத்திலும் தடை செய்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளைச் சமுதாய நலவழி மையம் தொடங்கி மேலே உள்ள எல்லாச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் எல்லாக் காலத்திலும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. எல்லாக் காலத்திலும்! “ஸ்டாக் இல்லை” என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அது தர்மம் அல்ல, உரிமை. உரிமையைக் கேட்டு வாங்காவிட்டால் அது காகிதத்திலேயே கிடக்கும்.

ஆகவே நாம் கோருகிறோம்:

மனநோய் மருந்தும் ஊசியும் கிராமத்துக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே, தடையில்லாமல், இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கிடைக்க வேண்டும். மனநல டாக்டர் குறித்த நாளில் அங்கே வந்து பார்க்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. மனநோயாளி வீட்டுக்கும் அப்படியே போக வேண்டும். ஊனமுற்றோர் சான்றிதழும் உதவித்தொகையும் அலைக்கழிக்காமல் கிடைக்க வேண்டும்.

சங்கங்களுக்கும் கடமை உண்டு. மில்லில் ஒரு தொழிலாளி இந்த நோயோடு லீவு கேட்டால் அவனைப் பரிகாசம் செய்யாமல் அவனுக்காகச் சங்கம் பேச வேண்டும். தேறி வந்தவனுக்கு வேலை கொடுக்கச் செய்ய வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளை ஒவ்வொன்றும் தன் ஊரில் கட்டிவைக்கப்பட்டவர், அடைத்துவைக்கப்பட்டவர் யாராவது உண்டா என்று விசாரித்து, அந்தக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போக வேண்டும். அவசரத்துக்கு யோசனை கேட்க 14416 என்ற இலவச டெலிபோன் நம்பர் இருக்கிறது. சங்கப் பலகையில் அதை எழுதிவையுங்கள். மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினால் தேதியும் நேரமும் குறித்து, பத்துப் பேர் கையெழுத்தோடு நலவழித்துறைக்கு மனுக் கொடுங்கள். பதில் வராவிட்டால் நூறு பேராகப் போங்கள்.