உத்தரவாதமும் உதிரிப் பாகமும்

குருசுக்குப்பத்தில் வசிக்கும் நமது அச்சுக்கூடத் தொழிலாளி ஒருவர் வீட்டு மிக்ஸி சென்ற மாதம் நின்றுபோயிற்று. வாங்கி மூன்று வருஷமே ஆகிறது. மோட்டாருக்கு யாதொரு பழுதுமில்லை. ஜாரை மோட்டாருடன் பிணைக்கும் கப்ளர் என்னும் சிறு உறுப்புத்தான் பல் தேய்ந்துவிட்டது. கம்பெனியின் கிளையில் விசாரித்ததற்கு, “உத்தரவாதக் காலம் தீர்ந்தது, இந்த மாதிரியை இப்போது செய்வதில்லை, பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள்” என்று பதில் கிடைத்தது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரு வாரம் தேடியும் பொருந்தும் கப்ளர் அகப்படவில்லை. சில ரூபாய் பெறும் ஒரு துண்டுக்காகச் சில ஆயிரம் ரூபாய்ப் பொருள் பரண் ஏறிவிட்டது.

இந்த அற்ப விஷயத்துக்கு ஒரு தலையங்கமா என்று அரசியல் ஊழியர்கள் நகைக்கலாம். இது அற்ப விஷயமன்று. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்குச் சொந்தமா, விற்றவனுக்குச் சொந்தமா என்பதே இங்கு கேள்வி. பழுது பார்த்துக்கொள்ள வழியில்லாத பொருளுக்கு நாம் விலை கொடுத்திருக்கிறோமே யொழிய, அதற்கு உடைமையாளர் ஆகவில்லை.

உத்தரவாதச் சீட்டை ஊன்றிப் படித்தவர்கள் சிலரே. மோட்டாருக்கு இத்தனை வருஷம் என்று பெரிய எழுத்தில் இருக்கும்; பிளாஸ்டிக், ரப்பர், கண்ணாடிப் பாகங்கள் நீங்கலாக என்று சிறிய எழுத்தில் இருக்கும். தேயக்கூடியவை எவையோ அவையே விலக்கப்பட்டிருக்கும். பழுது நேராத காலத்துக்கு உத்தரவாதம் ஏராளம், நேருங்காலத்தில் கைவிரிப்பு. கடற்காற்றில் இரும்பெல்லாம் துருவேறும் நமது குப்பங்களில் இந்தச் சீட்டின் மதிப்பு இன்னும் குறைவு.

இவ்விதம்தான் நடக்கவேண்டுமென்பது விதியா? பிரஷர் குக்கரைப் பாருங்கள். அதன் ரப்பர் வளையத்துக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 7466 என்னும் தனித் தரம் வகுத்திருக்கிறது. வளையமும் வெயிட்டும் வால்வும் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைப்பதால், பாட்டியின் குக்கரில் பேத்தி சோறு வடிக்கிறாள். குக்கருக்குக் கைகூடியது மிக்ஸிக்கு ஏன் கூடாது?

இந்திய மிக்ஸியின் பிறப்பே இக்குறையிலிருந்து உண்டானது என்பதை நேயர்கள் அறியவேண்டும். 1960-களின் தொடக்கத்தில் மாதுரி மாத்தூர் என்னும் அம்மையாரின் ஜெர்மன் மிக்ஸர் கெட்டுப்போயிற்று. அதைச் சீர்படுத்த இந்நாட்டில் வசதியில்லை. இஞ்சினீயரான அவர் கணவர் சத்திய பிரகாஷ் மாத்தூர் நமது இட்லி மாவுக்கும் மசாலாவுக்கும் ஈடுகொடுக்கும் மோட்டாரை அமைத்தார். அதுவே பிற்காலத்தில் வீடுதோறும் புகுந்த ‘சுமீத்’. அந்நிய யந்திரத்துக்கு உதிரிப் பாகமில்லை என்று சுதேச யந்திரம் பிறந்தது; இன்று சுதேச யந்திரத்துக்கே உதிரிப் பாகமில்லை என்றால் அது வெட்கக்கேடல்லவா?

பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் தேதி நம்மூரைவிட்டு நீங்கிற்று. ஆயினும் அவர்கள் நாட்டின் நல்ல சட்டத்தைக் கற்பதில் நமக்கு இழிவில்லை. 2021 ஜனவரி முதல் பிரான்ஸில் சலவை யந்திரம், தொலைக்காட்சி முதலிய சில பொருள்கள்மீது, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணிட்டுக் காட்டியே விற்கவேண்டுமென்று விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, குளிர்சாதனப் பெட்டியின் முக்கிய உறுப்புக்களை, அந்த மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் 7 வருஷம் கொடுத்துவரவேண்டுமென்று 2021 மார்ச்சு முதல் கட்டாயப்படுத்தியிருக்கிறது.

நமது மத்திய சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. பழுது பார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பர் 24-இல் ஓர் இணையதளம் திறந்தது. பிரான்ஸைப்போல மதிப்பெண்ணிடும் முறையை ஆராய 2024-இல் ஒரு குழுவும் நியமித்தது. ஆனால் 2025-இல் அக்குழு முதலிடம் கொடுத்தது கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும்தான். அடுக்களை பின்வரிசையில் நிற்கிறது. கைப்பேசி நின்றால் பேச்சு நிற்கும். மிக்ஸி நின்றால் வேலைக்குப் போகும் பெண்ணின் விடியற்காலம் முழுதும் அம்மியடியில் போய்விடும். இதை அக்குழுவுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை போலும்!

ஆகவே மூன்று காரியங்களை நாம் வற்புறுத்துகிறோம். உதிரிப் பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும் என்பதைப் பெட்டியின்மீதே அச்சிடவேண்டும். அப்பாகங்களைக் கம்பெனிக் கிளைக்கு மட்டுமன்றித் தெருமுனை மெக்கானிக்குக்கும் குறித்த விலையில் விற்கவேண்டும். மிக்ஸியும் கிரைண்டரும் மதிப்பெண் திட்டத்தில் தாமதமின்றிச் சேர்க்கப்படவேண்டும்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் தகாது. நிறைவேற்றும் நியாயமான வாய்ப்பில்லாமல் பழுது பார்த்துத் தருவதாக ஜனங்களுக்கு வாக்களிப்பது, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வியாபாரமே. மனுதாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமே கிடையாது. கெடு இரண்டு வருஷம். 1915 என்னும் எண்ணில் முறையிடவும் வழியுண்டு. பேட்டைதோறும் சங்கம் வைத்து நடத்தும் நமது தோழர்கள், மாதத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, அயலார் கொண்டுவரும் உத்தரவாதச் சீட்டுக்களைப் படித்துச் சொல்லி மனு எழுதிக் கொடுப்பார்களாக. ரசீதைப் பத்திரப்படுத்தும்படி வீட்டாருக்குக் கற்பிப்பார்களாக. பெரிய உரிமைகளுக்காகப் போராடுகிறவர்கள் அடுக்களையில் பறிபோகும் சிறு உரிமையைக் காணாதிருந்தால், ஜனங்கள் நம் பின்னே வருவார்கள் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?