திருத்த எடுத்த பேனா

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு தம்பி நோட்டு ஒன்றை நீட்டினான். ஏழு கதை. அனுப்பிய இடத்திலெல்லாம் 'பேச்சு கொச்சையா இருக்கு' என்று திருப்பிவிட்டார்களாம். இப்போது கல்யாணம், நைட் ஷிப்ட், வீட்டு வாடகை. 'இனி எங்கண்ணே எழுதறது?' என்றான்.

தோழர்களே, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்க இரட்டைமலை சீனிவாசன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் விலையையே பெயராக்கி 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1992இல் பாமாவின் 'கருக்கு' இந்தக் 'கொச்சை'யில்தான் எழுந்து நின்றது.

இத்தனையும் தெரிந்த என் கையே, அந்த நோட்டைப் படிக்கையில் சிவப்புப் பேனாவைத் தேடியது. வெட்கமாப் போச்சு. மூடி வைத்துவிட்டேன்.

முதல் கதை அடுத்த இதழில், ஒரு சொல்லும் திருத்தாமல். மீதி ஆறையும் நீங்கள் கேட்டு வாங்குங்கள். தம்பி, நீ எட்டாவதை எழுது.